காமிக்ஸ் ஸ்டைல்ல குழந்தைங்களுக்கு ஒரு சிரிப்பு படக்கதை புக்: ஆரம்பத்துலேர்ந்து அச்சு வரைக்கும்

குச்சி மனுஷன் வரையத் தெரிஞ்சா போதும், இந்த புக்க நீங்களே பண்ணிடலாம். வீட்டு வாண்டுக்காக ஒண்ணு பண்ணி முடிச்ச சூட்டோட எழுதறேன்.

ஸ்டெப் 1: வெறும் புக்

ஏ4 பேப்பர் எட்டு எடுத்து ஒண்ணா அடுக்கி நடுவுல மடிங்க, 32 பக்கம் ரெடி. கடையில வர்ற படக்கதை புக்குங்களும் பெரும்பாலும் 32 பக்கம் தான், பெரிய தாள்ல அடிச்சு மடிக்க அந்த கணக்கு தோதா வரும். சாதா ஸ்டேப்ளர் நடு மடிப்பு வரைக்கும் எட்டாது, ஊசி நூல்ல தைச்சிடுங்க, எனக்கு அது தான் பிடிக்கும், புக்க முழுசா விரிச்சு வைக்கலாம். எல்லா பக்கத்துக்கும் நம்பர் போடுங்க, ஸ்டெப் 3-ல அது வேணும்.

ஸ்டெப் 2: கற்பனைக்கு ஒரு நிஜப் பொருள்

குளிக்க மாட்டேன்னு அடம் பிடிக்கற ஒரு பொண்ணு. பக்கெட் நீர்மூழ்கிக் கப்பல் ஆகுது, தண்ணி மொள்ற மக் எடுத்து கண்ணுல வெச்சு பெரிஸ்கோப்னு (கப்பலுக்குள்ளேர்ந்து தண்ணிக்கு மேல பாக்கற குழாய்) பாக்கறா, கொடியில தொங்கற துண்டு திருக்கை மீனு, ஷவர் டியூப் ஆக்டோபஸ் கை. ஒவ்வொரு கற்பனைக்கும் அந்த பாத்ரூம்லயே ஒரு பொருள் இருக்கணும், அத மொதல் ரெண்டு படத்துலயே ஓரமா காட்டிடணும். திடீர்னு எங்கேர்ந்தோ ஒரு டிராகன் வந்தா குழந்தைங்க பாப்பாங்க, ஆனா "ஏய் அது அந்த துண்டு!"ன்னு கத்த மாட்டாங்க. அந்த கத்தலுக்கு தான் இவ்ளோ வேலையும்.

நிஜத்துக்கு ஒரு லுக், கற்பனைக்கு ஒரு லுக் வெச்சுக்கோங்க. நிஜம்னா கட்டம் இல்லாம பென்சில் கோடு, கற்பனைன்னா கட்டம், கலர், டமார் தொபுக்கடீர் எல்லாம். இத எழுத்துல விளக்கவே வேண்டாம்.

ஸ்டெப் 3: பக்கம் திருப்பற இடம்

நிறைய பேர் மாட்டிக்கறது இங்க தான், அதனால பொறுமையா படிங்க. புக்குல ஒத்தைப்படை நம்பர் எல்லாம் வலது பக்கம், ரெட்டைப்படை எல்லாம் இடது பக்கம். 6, 7 ரெண்டும் ஒரே நேரத்துல கண்ணுல படும். 6-ல "கதவுக்கு பின்னாடி என்ன?"ன்னு கேட்டுட்டு 7-ல ஆக்டோபஸ் வரைஞ்சா ஜோக் அங்கயே செத்துடும், ஏன்னா குழந்தை எழுத்த படிக்கறதுக்கு முன்னாடியே படத்த பாத்துடும். கேள்வி 7-ல வரணும், ஆக்டோபஸ் 8-ல வரணும். நடுவுல அந்த பக்கத்த திருப்பற நேரம் இருக்கே, அதுல தான் குழந்தை தானே ஒரு பதில கற்பனை பண்ணிக்கும்.

அதனால மொதல்ல எல்லா சஸ்பென்ஸையும் வலது பக்க கடைசி கட்டத்துல எழுதி வைங்க, மிச்ச கதைய அதுக்கு ஏத்த மாதிரி நகத்துங்க, ஒரு பக்கம் கூடுதோ குறையுதோ பரவால்ல. ஆனா எல்லா திருப்பத்துலயும் அதிர்ச்சி வைக்காதீங்க, மூணு நாலு போதும், சில இடத்துல சும்மா திருப்பினா ஒண்ணுமே இல்லாம பொண்ணு சோப்பு தேடிட்டு இருக்கட்டும், அதுக்கும் சிரிப்பாங்க.

எழுத்தும் படமும் ஒண்ணையே சொல்லவும் கூடாது. "நான் சமத்தா குளிச்சேன்"னு எழுத்து சொல்லட்டும், படத்துல கூரை வரைக்கும் நுரை நிக்கட்டும்.

ஸ்டெப் 4: பலூனும் எழுத்தும்

வசனத்த மொதல்ல எழுதுங்க, அப்புறம் அத சுத்தி பலூன் (வசனத்த சுத்தி போடற வட்டம்), அப்புறம் தான் ஆளுங்க. நம்ம வார்த்தைங்க நீளம், குட்டி பலூன்ல அடைச்சா வார்த்தை பாதியில உடையும், புதுசா படிக்கற குழந்தை அங்கயே நின்னுடும். மொதல்ல பேசறவங்க பலூன் இடது மேல, பதில் அதுக்கு வலது கீழ. பலூனோட கூரான வால், பேசறவங்க வாய் பக்கம் பாக்கணும்.

கம்ப்யூட்டர்ல பண்றவங்களுக்கு: வரைய கிரிட்டா, எழுத்துக்கு இங்க்ஸ்கேப், ரெண்டும் இலவசம். ஃபான்ட்டுக்கு பாலூ தம்பி, உருண்டையா கொழுகொழுன்னு இருக்கும், என் ஓட்டு எப்பவும் அதுக்கு தான். யூனிகோட் (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்து முறை) ஃபான்ட்டே போடுங்க. "கொ" அடிச்சா கொம்பும் காலும் தனித்தனியா சிதறுதுன்னா பொதுவா அந்த சாஃப்ட்வேருக்கு தமிழ் எழுத்த கோக்கத் தெரியலன்னு அர்த்தம், ஃபான்ட்ட மாத்திட்டே இருக்காதீங்க, வேற சாஃப்ட்வேர்ல வசனத்த போட்டு படமா எடுத்துட்டு வாங்க.

அப்டேட்: நடு மடிப்புல மூஞ்சி காணாம போகுதுன்னு சிலர் சொன்னாங்க. ரெண்டு பக்கமும் சேர்த்து ஒரே படம் வரையும்போது மடிப்புகிட்ட மூஞ்சியோ பலூனோ வைக்காதீங்க, தண்ணி, சுவர் மாதிரி எதாவது இருக்கட்டும். அச்சுக்கு குடுக்கறதா இருந்தா 300 டிபிஐல (ஒரு அங்குலத்துக்கு 300 புள்ளி) வரையணும், கலர ஓரத்த தாண்டி 3 மிமீ இழுத்து விடணும், இல்லன்னா வெட்டும்போது வெள்ளைக்கோடு தெரியும். பக்கத்த குறைக்கணும்னு கேட்டவங்களுக்கு: நடுவுல பின் அடிக்கற புக்குன்னா நாலால வகுபடற எண்ணிக்கை தான் வரும், 24 இல்லன்னா 28 வெச்சுக்கோங்க, ஆனா குறைச்ச அப்புறம் ஸ்டெப் 3 கணக்க மறுபடி மொதல்லேர்ந்து பாருங்க.