மண்குதிரையின் கால் வெடித்தால்: என் அனுபவம்

கலை வகுப்பில் இந்த வருடம் செய்ததிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அய்யனார் குதிரைதான். புதுச்சேரியில் வில்லியனூர் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. அந்தக் கைத்திறனில் கொஞ்சமாவது எனக்கும் வரவேண்டும் என்று ஆசை. ஆனால் காயவைத்த குதிரையில், கால் உடம்போடு சேரும் இடத்தில் விரிசல் விட்டது. ஈரமண் பூசி அடைத்தேன். காய்ந்ததும் அதே இடத்தில் மறுபடி பிளந்தது.

காரணம் இதுதான். களிமண் காயும்போது சுருங்கும். மெல்லிய கால் சீக்கிரம் காய்ந்து சுருங்கிவிடுகிறது. கனமான வயிறோ உள்ளே ஈரமாகவே இருக்கிறது. அந்த இழுப்பில் ஒட்டு விட்டுப்போகிறது.

சரி, அடுத்த குதிரைக்கு மண்ணில் சலித்த மணலைக் கொஞ்சம் சேர்த்துப் பிசைந்தேன், சுருக்கம் குறையும். வயிற்றைக் குடைந்து, சுவரை விரல் கனத்துக்குக் கொண்டுவந்தேன். பாகங்கள் லேசாக விறைத்த பிறகு, ஒட்டும் இரு பக்கத்தையும் முள்கரண்டியால் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, தயிர் பதத்தில் கரைத்த மண்ணைத் தடவி, மெல்ல அசைத்து அழுத்தினேன். ஓரத்தில் சேறு பிதுங்கி வரவேண்டும். அதுவரை விடக்கூடாது.

அப்புறம் உலர்த்துவது. கடற்காற்று அடிக்கும் மொட்டைமாடி வேண்டாம். வீட்டுக்குள் நிழலில், கால்களுக்கு மட்டும் பிளாஸ்டிக் பை சுற்றி வைத்தேன். காலும் வயிறும் ஒன்றாகக் காய்ந்தன. சூளைக்குப் போகும் முன் வயிற்றின் அடியில் ஒரு துளை கட்டாயம்; உள்ளே மிச்சமிருக்கும் ஈரம் ஆவியாகி வெளியேற வழி வேண்டும்.