வயலினைத் தபாலில் அனுப்பப் போகிறீர்களா? உடையாமல் பொதி கட்டும் முறை

கிளிநொச்சியில் இருக்கும் என் அக்காவின் மகளுக்குக் கொழும்பிலிருந்து ஒரு வயலின் வாங்கினோம். பாவித்ததுதான், ஆனால் நாதம் நன்றாக இருக்கிறது என்று கேட்டுப் பார்த்து வாங்கியது. சங்கீதப் பரீட்சைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. பொதியைப் பிரித்தால் கழுத்து உடம்பிலிருந்து கழன்று கிடக்கிறது, தந்திகளைத் தாங்கி நிற்கும் சிறு மரத்துண்டு, அதாவது குதிரை, சாய்ந்து மேற்பலகையில் குத்தியிருக்கிறது. அனுப்பியவர் நல்ல மனிதர், வயலின் பெட்டியைச் சுற்றி மண்ணிறக் கடதாசி போட்டு, நிறைய ரேப் ஒட்டி, சிவப்பு மையில் ‘கவனம்’ என்றும் எழுதியிருந்தார். பிள்ளை அழுத அழுகையைப் பார்த்த பிறகு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை.

முல்லைத்தீவில் கொடுக்கும் பொதி மாங்குளம் வந்து ஏ9 வீதியில் ஏறிக் கொழும்பு போய்ச் சேர 300 கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும், வழியில் எத்தனையோ கை மாறும், மேலே பாரமான பொதிகள் ஏறும். எங்கேயாவது ஒருமுறை கட்டாயம் விழும் என்று நினைத்துக்கொண்டே கட்டுங்கள்.

முதலில் தந்தி

நான்கு தந்திகளையும் கொஞ்சம் தளர்த்துங்கள், ஒரு சுரம் இறங்கும் அளவுக்குப் போதும். முழுதாகக் கழற்றிவிடாதீர்கள், தொடக்கத்தில் பலரும் செய்கிற பிழை இதுதான். குதிரையை யாரும் ஒட்டி வைப்பதில்லை, தந்தியின் அழுத்தத்தில்தான் அது நிற்கிறது. வயிற்றுக்குள்ளே மேற்பலகைக்கும் கீழ்ப்பலகைக்கும் நடுவில் ஒரு சிறு மரக்குச்சி நிற்கும், அதுவும் அப்படித்தான். தந்தி முழுக்கத் தளர்ந்தால் குதிரை விழும், குச்சியும் விழுந்துவிடலாம், அந்தக் குச்சியைத் திரும்ப நிறுத்துவது பழகிய கைக்குத்தான் வரும். தந்தி பூட்டிய கறுப்புத் துண்டுக்கும் மேற்பலகைக்கும் இடையில் மெல்லிய துணியை மடித்து வையுங்கள், குதிரை சாய்ந்தாலும் பலகையில் கீறல் விழாது.

அடுத்தது, வயலின் பெட்டிக்கு உள்ளே

இந்த இடத்தில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். பெட்டி நிலத்தில் மோதி நிற்கும்போது உள்ளே வயலின் நிற்காது, போன வேகத்திலேயே போய் இடிக்கும், அந்த அடி கழுத்தும் உடம்பும் சேரும் இடத்தில் விழும். அதனால் கழுத்துக்கு அடியில் பழைய பருத்திச் சேலைத் துண்டைச் சுருட்டி வையுங்கள், தலைப்பக்கமும் விலாவும் ஆடாதபடி மெதுவாக அடையுங்கள், இறுக்கித் திணிக்க வேண்டாம். மூடி குதிரையை அழுத்துகிறதா என்றும் பார்க்க வேண்டும். வில்லின் மயிரைத் தளர்த்தி, அதன் இடத்தில் பூட்டி, ஒரு நாடாவாலும் கட்டுங்கள். வில்லின் மயிரில் பூசும் ரோசின் கட்டி, தோள்தாங்கி எல்லாவற்றையும் வெளியே எடுத்துத் தனியாகச் சுற்றுங்கள், ரோசின் உடைந்து வெயில் சூட்டில் இளகினால் வார்னிஷில் ஒட்டிக்கொள்ளும்.

மூடியபின் இரண்டு கையாலும் தூக்கி மெல்ல ஆட்டிப் பாருங்கள். சத்தம் கேட்டால் திறந்து மறுபடியும் அடையுங்கள்.

வெளிப்பெட்டி

எல்லாப் பக்கமும் நான்கு விரல் இடைவெளி விடக்கூடிய, நல்ல தடித்த காட்போட் பெட்டி வேண்டும். அடியிலும் ஓரங்களிலும் ரெஜிபோம் துண்டு, பபிள் ரப், கசக்கிய கடதாசி எது கிடைத்தாலும் போடலாம், இரண்டு முனைகளில் மட்டும் கூடுதலாகப் போடுங்கள். எங்கள் பக்கம் வைக்கோலும் தும்பும் சும்மா கிடைக்கும் என்பதால் கை அங்கேதான் போகும். வேண்டாம். ஈரம் பிடிக்கும், பூச்சி வரும், வெளிநாட்டுக்கு என்றால் சுங்கத்தில் பொதியே நின்றுவிடும்.

மாரி மழைக் காலத்தில் பெட்டிக்கு மேலே பொலித்தீன் சுற்றுங்கள், ஆனால் மழை விட்ட, காய்ந்த நாளில் கட்டுங்கள், இல்லையென்றால் ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி அனுப்புகிறோம். முகவரியைத் தமிழோடு சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதி, இன்னொரு தாளில் எழுதி உள்ளேயும் போடுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்து வையுங்கள். நீளத்துக்கும் நிறைக்கும் எல்லை உண்டு, கட்டுவதற்கு முன்பே தபாற்கந்தோரில் கேட்டுவிடுங்கள்.

மற்ற வாத்தியங்கள்

புல்லாங்குழல் என்றால் எளிது, துணியில் சுற்றி எஸ்லோன் பைப் துண்டுக்குள் விட்டு இரண்டு பக்கமும் அடைத்துவிடலாம். மிருதங்கத்தில் இடப்பக்க முகமான தொப்பியில் ஒட்டிய ரவையைச் சுத்தமாக எடுத்துக் காயவைத்து, இரண்டு முகத்துக்கும் வட்டமாக மட்டை வெட்டிக் கட்டுங்கள், வலப்பக்க முகமான வலந்தலையின் நடுவில் உள்ள கறுப்பு வட்டத்தில், அதாவது கரணையில், அடி பட்டால் வெடிக்கும். ஆர்மோனியத்தின் துருத்தியை மூடிக் கொளுவிவிட வேண்டும். மின் சுருதிப்பெட்டியில் பற்றரியைக் கழற்றுங்கள். வீணையில் தந்தியை அழுத்தி வாசிக்கும் உலோக மெட்டுக்கள் மெழுகில் நிற்பவை, சோளகக் காலத்து வெயிலில் லொறிக்குள் மெழுகு இளகிவிடும், முடிந்தால் வீணையை யாராவது கையோடு கொண்டு போகட்டும்.

உடைந்து வந்துவிட்டால்

சிம்பு, தூள் எதையும் எறியாமல் ஒரு பைக்குள் போடுங்கள். சுப்பர் குளூ பக்கம் போகவே வேண்டாம், அது பட்ட மரத்தைத் திரும்பச் சரியாகப் பொருத்துவது பெரும்பாடு. எங்கள் வயலினை ஒட்டாமல் அப்படியே வைத்திருந்ததால் யாழ்ப்பாணத்தில் ஒருவர் கழுத்தைத் திரும்பப் பூட்டித் தந்தார். பரீட்சை தவறிவிட்டது, ஆனால் பிள்ளை இப்போது அதில்தான் வாசிக்கிறாள்.