இஸ்தான்புல்லில் இருவராக ஒரு நாள்

இஸ்தான்புல்லில் துணையுடன் ஒரே ஒரு நாள் கிடைத்தால், பார்க்க வேண்டிய இடங்களின் பட்டியலைத் தயங்காமல் வெட்டிவிடுங்கள். காலையில் ஓர் இடம் போதும். தோப்காப்பி அரண்மனைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை, கிராண்ட் பஜார் ஞாயிறு திறக்காது. நீல மசூதிக்குள் தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள். பெண்கள் தலையை மூட ஒரு துப்பட்டா கையில் இருக்கட்டும்.

அப்புறம் எமினோனு படகுத்துறைக்கு நடந்து, கதிகோய் போகும் படகில் ஏறுங்கள். சுமார் 20 நிமிடத்தில் ஐரோப்பாவிலிருந்து ஆசியாவுக்கு வந்துவிடலாம்! இது ஊர்க்காரர்கள் வேலைக்குப் போய் வரும் படகு; சுற்றுலாப் படகை விடக் கட்டணம் மிகக் குறைவு. ‘இஸ்தான்புல்கார்ட்’ என்ற பயண அட்டை ஒன்று வாங்கி, இருவருக்குமாக நுழைவாயில் இயந்திரத்தில் இரண்டு முறை தொட்டுவிட்டு உள்ளே போகலாம். டிராமுக்கும் அதே அட்டைதான். குளிராக இருந்தாலும் வெளியே உள்ள இருக்கையிலேயே உட்காருங்கள். கடற்புறாக்கள் கூடவே பறந்து வர, ஹாகியா சோபியாவின் கோபுரங்கள் மெல்லச் சிறிதாகும் காட்சிக்காகவே அந்தப் படகில் போகலாம்.

கதிகோயிலிருந்து கரையோரமாகத் தெற்கே நடந்தால் மோதா என்ற பகுதி வரும். அங்கே கடலைப் பார்த்த தேநீர்த் தோட்டத்தில், சிறு கண்ணாடிக் குவளையில் பாலில்லாத தேநீருடன் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பேசிக்கொண்டிருங்கள். திரும்பும் படகைச் சூரியன் மறையும் நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். பழைய நகரத்தின் பின்னால்தான் சூரியன் இறங்கும். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பதை மட்டும் இறங்கும்போதே துறையில் பார்த்துவிடுங்கள்.