பழைய கார் வாங்குகிறீர்களா? எஞ்சின் சூடாவதற்கு முன் போய் நில்லுங்கள்

விலை கையைக் கடிக்கக் கூடாது, ஓட்டும்போது மனசுக்குப் பிடிக்க வேண்டும், நடு வழியில் நிற்கக் கூடாது. இந்த மூன்றும் ஒரே செகண்ட் ஹேண்ட் காரில் கிடைக்காது என்று பலரும் சொல்கிறார்கள். கிடைக்கும். எனக்காகத் தேடி வாங்கியதும், பிறகு நண்பர்களுக்காகப் பார்த்துக் கொடுத்ததும் அப்படிப்பட்ட கார்கள்தான். நான் பார்க்கும் வரிசையிலேயே எழுதுகிறேன். பெயர் மாற்றம், இன்ஷூரன்ஸ் போன்ற காகித வேலைகள் இடத்துக்கு இடம் மாறும் என்பதால் அதற்குள் போகவில்லை.

படி 1: எடையைப் பாருங்கள்

ஓட்டுவதில் இருக்கும் சந்தோஷம் குதிரைத் திறனில் இருக்கிறது என்று நினைத்துத்தான் பலர் பட்ஜெட்டைத் தாண்டுகிறார்கள். என் அனுபவத்தில் அது எடையில் இருக்கிறது. 1989இல் வந்த முதல் மாஸ்டா எம்எக்ஸ்-5 நல்ல உதாரணம். 1.6 லிட்டர் எஞ்சின், சுமார் 115 குதிரைத் திறன், அவ்வளவுதான். ஆனால் எடை 1000 கிலோவுக்கும் கீழே. ஸ்டியரிங்கைத் திருப்பிய கணமே கார் திரும்பும். பிற்காலத்தில் 10 லட்சத்துக்கும் மேல் அந்தப் பெயரில் கார்கள் தயாரானதற்கு அந்த உணர்வுதான் காரணம் என்று நான் நம்புகிறேன்.

இரண்டு சீட் கார் எல்லோருக்கும் சரிப்படாது. ஆனால் அதே குணம் சுசுகி ஸ்விஃப்ட், மாஸ்டா 2, ஹோண்டா ஜாஸ் மாதிரி சின்ன ஹேட்ச்பேக்குகளில் நிறையவே இருக்கிறது. மேனுவல் கியர், டர்போ இல்லாத பெட்ரோல் எஞ்சின், 1100 கிலோவுக்குள் எடை. இந்த மூன்றும் இருந்தால் என் பட்டியலில் அது முதலில் வரும். எடை குறைந்த காருக்கு டயர் சின்னது, பிரேக் பேட் சின்னது, தேய்வதும் மெதுவாக. ஆக, ஓட்ட நன்றாக இருக்கும் காரேதான் செலவும் குறைவாக வைக்கிறது.

பழைய சொகுசு கார் பக்கம் போகவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காரின் விலை இறங்கிவிடும், உதிரிபாகத்தின் விலை இறங்காது. ஆட்டோமேட்டிக்தான் வேண்டும் என்றால் டார்க் கன்வெர்ட்டர் (எஞ்சினின் விசையை ஆயில் வழியாகக் கியர்பாக்ஸுக்குக் கடத்துவது) வகையை எடுங்கள். தனித்தனி கியர்கள் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி கியர்பாக்ஸ் என்றால் அதன் ஆயில் மாற்றியதற்கான ரசீது இருக்கிறதா என்று கேளுங்கள். "அது ஆயுசுக்கும் மாற்ற வேண்டாத ஆயில்" என்று பதில் வந்தால் அடுத்த காரைப் பார்க்கப் போய்விடுவேன். தினமும் குறுகிய தூரம்தான் ஓட்டுவீர்கள் என்றால் டீசலும் வேண்டாம். புகைத் துகளைப் பிடிக்கும் ஃபில்டர், நீண்ட தூரம் ஓடிச் சூடானால்தான் தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

படி 2: ரசீதுகள்

ஓடிய கிலோமீட்டர் குறைவாக இருப்பதைவிட, சர்வீஸ் ரசீதுகள் ஒழுங்காக இருப்பது முக்கியம். மீட்டரைத் திருத்திவிடலாம். வருடாவருடம் வந்த ரசீதுகளில் உள்ள கிலோமீட்டரை ஒன்று விடாமல் திருத்துவது கஷ்டம்.

எஞ்சினின் வால்வுகளை நேரத்துக்குத் திறந்து மூட வைப்பது டைமிங் பெல்ட்டா, செயினா என்று அந்த எஞ்சினுக்குத் தேடிப் பார்த்துவிட்டுப் போங்கள். பெல்ட் என்றால் கிலோமீட்டர் கணக்கு ஒன்று, வருடக் கணக்கு ஒன்று என இரண்டு கெடு இருக்கும்; எது முதலில் வருகிறதோ அப்போது மாற்ற வேண்டும். குறைவாக ஓடிய பழைய காரில் வருடக் கெடு தாண்டியிருப்பதை யாரும் கவனிப்பதில்லை. பெரும்பாலான எஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும், அதோடு எஞ்சின் முடிந்தது. சில சின்ன டர்போ எஞ்சின்களில் பெல்ட் ஆயிலில் நனைந்தபடியே ஓடும். அவற்றில் சரியான ரக ஆயில் ஊற்றிய ஆதாரம் இல்லாவிட்டால் விட்டுவிடுங்கள்.

படி 3: குளிர்ந்த எஞ்சின்

போனிலேயே சொல்லிவிடுங்கள்: "நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் பண்ண வேண்டாம்." போனதும் முதல் வேலையாக பானெட்டின் மேல் கையை வையுங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். சூடான எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும்.

சாவியை 'ஆன்' வரைக்கும் மட்டும் திருப்பி, எஞ்சின் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். அந்த நேரத்தில் அது கட்டாயம் எரிய வேண்டும், ஸ்டார்ட் ஆனதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் யாரோ அதை வேலை செய்யாமல் ஆக்கியிருக்கலாம்.

ஸ்டார்ட் செய்யும்போது நீங்கள் உள்ளே உட்கார வேண்டாம். கூட வந்தவரை உட்கார வைத்து, நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்சம் வெள்ளை ஆவி வருவது சகஜம். எஞ்சின் சூடான பிறகும் கெட்டியான வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் எஞ்சினைக் குளிர வைக்கும் கூலன்ட், எரிபொருள் எரியும் இடத்துக்குள் இறங்குகிறது. அதே முதல் ஸ்டார்ட்டில் எஞ்சின் சத்தத்தையும் கேளுங்கள். செயின் எஞ்சினில் முதல் சில நொடிகள் கரகரவென்று உலோகச் சத்தம் வந்தால் செயினோ, அதை இறுக்கமாக வைக்கும் டென்ஷனரோ தேய்ந்திருக்கிறது.

படி 4: ஸ்கேனர். அவசரப்படாதீர்கள்

ஸ்கேனர் என்பது காரின் கம்ப்யூட்டரோடு இணைத்து, அது பதிவு செய்துள்ள குறைகளின் எண்களை (எரர் கோடு) போன் ஆப்பில் படிக்க உதவும் சின்னக் கருவி. பெரும்பாலான விளக்கங்கள் "ஸ்கேனர் சொருகுங்கள், எரர் கோடு இல்லையென்றால் சரி" என்று ஒரே வரியில் முடித்துவிடுகின்றன. ஆரம்பக்காரர்கள் சறுக்கும் இடமே இதுதான். கோடு எதுவும் இல்லை என்று திரை காட்டுவதற்கு இரண்டு அர்த்தம் உண்டு. ஒன்று, காரில் குறை இல்லை. இன்னொன்று, நீங்கள் வருவதற்குக் கொஞ்சம் முன்புதான் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள். அழிக்க அரை நிமிடம்கூட ஆகாது.

இரண்டையும் பிரித்துக் காட்டும் திரை ஒன்று இருக்கிறது. ஆப்பில் 'ரெடினெஸ்' அல்லது 'ஐ/எம் மானிட்டர்' என்ற பெயரில் இருக்கும். காரின் கம்ப்யூட்டர் தன் பாகங்களைத் தானே சோதித்து, எந்தெந்தச் சோதனை முடிந்தது என்று அங்கே குறித்து வைக்கும். கோடுகளை அழிக்கும்போது இந்தக் குறிப்புகளும் சேர்ந்து அழிந்துவிடும். மறுபடி எல்லாம் முடிய, குளிர் ஸ்டார்ட், சீரான வேகம், நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது எனப் பல விதமாகச் சில நாள் ஓட வேண்டும்.

பெட்ரோல் காரில் அந்தப் பட்டியலைப் படிக்கும்போது ஒரு விஷயம் கவனியுங்கள். மிஸ்ஃபயர் (எரிபொருள் சரியாக எரியாமல் போவது), ஃபியூயல் சிஸ்டம், காம்போனென்ட்ஸ் ஆகிய மூன்றும் கார் ஓடும்போதெல்லாம் சோதிக்கப்படுபவை. அழித்த பிறகும் சீக்கிரமே 'ரெடி' என்று காட்டும். அந்த மூன்று பச்சை டிக்கைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். கண் வைக்க வேண்டியவை கேட்டலிஸ்ட் (புகையைச் சுத்தம் செய்யும் பாகம்), ஆக்ஸிஜன் சென்சார், ஈவாப் (பெட்ரோல் ஆவி வெளியேறாமல் தடுக்கும் அமைப்பு) மூன்றும். இவை முடியத்தான் நாளாகும். தினமும் ஓடுகிற வண்டி என்று ஓனர் சொல்கிறார், ஆனால் இந்த மூன்றும் 'முடியவில்லை' என்று காட்டுகிறது என்றால், நேற்றோ இன்றோ ஏதோ அழிக்கப்பட்டிருக்கிறது.

பேட்டரியைக் கழற்றி மாட்டினாலும் பல கார்களில் இப்படி ஆகும். அதனால் ஓனரைக் குற்றம் சொல்லாதீர்கள். "புது பேட்டரி போட்டீர்களா?" என்று இயல்பாகக் கேளுங்கள். ஆமாம் என்றால் அதன் தேதியைப் பாருங்கள். இன்னும் சில நாள் ஓட்டச் சொல்லிவிட்டுத் திரும்ப வந்து பார்க்கலாம். விற்பவர் நேர்மையானவர் என்றால் இதற்கு மறுப்பு சொல்ல மாட்டார்.

கோடு அழித்த பிறகு எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்ற கணக்கும் நிறைய கார்களில் கிடைக்கும். அது ஒற்றை இலக்கத்தில் இருந்தால் வேறு சாட்சி தேவையில்லை.

ஸ்கேனராக இஎல்எம்327 வகை புளூடூத் கருவியே போதும். விலை உயர்ந்த கைக்கருவிக்கு ஒரு காருக்காகச் செலவு செய்ய வேண்டாம். ஆப்பில் எனக்குப் பிடித்தது 'கார் ஸ்கேனர்'. ரெடினெஸ் பக்கம் தெளிவாக இருக்கிறது. சொருகும் இடம் ஸ்டியரிங்குக்குக் கீழே, 16 பின் கொண்டது. அமெரிக்காவில் 1996 முதலும், ஐரோப்பாவில் பெட்ரோல் கார்களுக்கு 2001 முதலும் இது கட்டாயம். அதற்கும் பழைய கார் என்றால் மெக்கானிக்கின் காதும் கண்ணும்தான்.

படி 5: பாடி

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கதவுக்கும் ஃபெண்டருக்கும் இடையிலுள்ள இடைவெளி இரு பக்கமும் ஒன்றாக இருக்கிறதா, பானெட் போல்ட்டுகளில் ஸ்பானர் பட்ட தடம் இருக்கிறதா. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் கிடைத்தால், தொழிற்சாலை பெயிண்ட் பெரும்பாலும் 100 முதல் 180 மைக்ரான் வரை காட்டும். 1000க்கு மேல் போனால் உள்ளே பட்டி பூசியிருக்கிறார்கள்.

சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வெள்ளத்தில் மூழ்கிய காரை எவ்வளவு கழுவினாலும், சுருளுக்குள் இருக்கும் பகுதியில் சேற்றுக் கோடு தங்கிவிடும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் வருடம் 23ஆவது வாரம் தயாரானது. காரின் கிலோமீட்டருக்கும் டயரின் வயதுக்கும் பொருந்தவில்லை என்றால் கேளுங்கள்.

படி 6: ஓட்டிப் பார்ப்பது

ரேடியோவை அணைத்துவிடுங்கள். ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பி மெதுவாக நகரும்போது டக் டக் என்று சத்தம் வந்தால், சக்கரத்துக்கு விசையைக் கடத்தும் சிவி ஜாயின்ட் தேய்ந்திருக்கிறது. மேல் கியரில், குறைந்த வேகத்தில், ஆக்சிலரேட்டரை முழுதாக அழுத்துங்கள். வேகம் ஏறாமல் ஆர்பிஎம் (எஞ்சின் சுழலும் வேகம்) மட்டும் ஏறினால் கிளட்ச் போய்விட்டது. வேகத்தோடு சேர்ந்து ஏறும் ஹும் என்ற சத்தம் வளைவில் மாறினால் வீல் பேரிங். பேரிங்கும் கிளட்சும் சரி செய்யக்கூடியவைதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். கூலன்ட் புகையும் வெள்ளச் சேறும் அப்படி அல்ல.

உங்கள் பட்ஜெட்டில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்து வைத்துவிட்டு, மீதிக்குத்தான் கார் தேடுங்கள். வாங்கிய உடனே ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில், கூலன்ட் எல்லாம் மாற்ற வேண்டும், பெரும்பாலும் டயரும்.

பின்சேர்க்கை 1: ஐபோனில் ஸ்கேனர் இணையவில்லை என்று பலர் எழுதியிருந்தார்கள். பழைய வகை புளூடூத் கருவிகள் ஐபோனில் வேலை செய்யாது. வைஃபை வகையோ, புளூடூத் எல்இ என்று குறிப்பிட்ட வகையோ வாங்குங்கள்.

பின்சேர்க்கை 2: பம்பரில் பெயிண்ட் மீட்டர் எதுவுமே காட்டவில்லை என்று ஒருவர் கேட்டார். பம்பர் பிளாஸ்டிக், அதனால் காட்டாது. சில கார்களில் பானெட் அலுமினியம். இரும்பை மட்டும் அளக்கும் மலிவு மீட்டர் அங்கேயும் திணறும்.

பின்சேர்க்கை 3: ரீகால் (குறையுள்ள கார்களை நிறுவனமே திரும்ப அழைத்துச் சரி செய்வது) பற்றி எழுதாமல் விட்டதைச் சுட்டிக்காட்டியவருக்கு நன்றி. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் கொடுத்தால், ரீகால் நிலுவையில் இருக்கிறதா என்று பல நிறுவனங்கள் காட்டும். டகாட்டா நிறுவனத்தின் குறையுள்ள ஏர்பேக் விவகாரத்தில் மட்டும் உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. அந்த ஏர்பேக் மாற்றப்படாமல் பல கைகள் மாறிய கார்களும் உண்டு. ரீகால் வேலையைப் பொதுவாக நிறுவனமே இலவசமாகச் செய்து தரும். முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.