டெலி லென்ஸ தூக்கிட்டு மலை ஏறப் போறீங்களா? எடை விஷயத்துல நம்மாளுங்க பண்ற தப்புங்க

நீலகிரியில வரையாட்ட டெலி லென்ஸ்ல (தூரத்துல இருக்கறத கிட்ட காட்டற நீள லென்ஸ்) படம் எடுக்கணும்னு கிளம்பறவங்க எங்க போகணும், எப்ப போகணும்னு கேக்கறதுக்கு முன்னாடியே "லென்ஸ் மட்டும் ரெண்டு கிலோவுக்கு மேல வருதே, தூக்கிட்டு ஏற முடியுமா"ன்னு தான் ஆரம்பிக்கறாங்க. நியூசிலாந்துல இருக்கற என் சித்தப்பா பையன் இதே கேள்விய துப்பாக்கிக்கு கேட்டான். அங்க 1904ல கொண்டு போய் விட்ட இமாலய வரையாடு பெருகிப் போய் மலைப்புல்ல எல்லாம் மொட்டையடிக்குது, அதனால லைசென்ஸ் உள்ளவங்க சுடலாம்னு அரசாங்கமே விட்டு வச்சிருக்கு, ரெண்டு மூணு நாளைக்கு வேண்டியத முதுகுல கட்டிக்கிட்டு மலை ஏறிப் போறாங்க. "அண்ணா, மூணு கிலோ ரைஃபிள் வாங்கவா, நாலு கிலோ போதுமா"ங்கறான். நமக்கு இங்க 1972 வனவிலங்கு சட்டத்தோட வேட்டைக் கதையெல்லாம் முடிஞ்சுது, நம்ம வரையாடு அந்த சட்டத்துல அதிகபட்ச பாதுகாப்பு தர்ற அட்டவணை ஒண்ணுல இருக்கு, தமிழ்நாட்டோட மாநில விலங்கும் அது தான். அதனால அவன் ரைஃபிளுக்கு என்ன கணக்கோ அதே கணக்கு தான் நம்ம லென்ஸுக்கு.

எல்லாரும் பண்ற பெரிய தப்பு, லென்ஸ் எடைய மட்டும் தனியா பாக்கறது. நிக்கான் 200-500 மில்லிமீட்டர் லென்ஸ் 2.3 கிலோ, சிக்மா 150-600 கன்டெம்பரரி 1.9 கிலோ, இந்த 400 கிராமுக்காக ராத்திரி பூரா ரிவ்யூ வீடியோ பாப்பாங்க. அப்புறம் காலி பேக்கே ரெண்டரை கிலோ வர்ற குஷன் வச்ச கேமரா பேக்ல அத போட்டுக்குவாங்க, அந்த பேக் எடைய ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. ஊட்டி பக்கம் எமரால்டுங்கற ஊர்ல ஒரு டீக்கடை பெஞ்சுல கோயமுத்தூர்க்காரர் ஒருத்தர் பேக்க பிரிச்சு வரிசையா அடுக்கினாரு, லேப்டாப், அதுக்கு செங்கல் மாதிரி ஒரு சார்ஜர், பவர்பேங்க் ரெண்டு, ஒரு லிட்டர் ஸ்டீல் ஃப்ளாஸ்க் நிறைய காபி, மடக்காத குடை, ஊர்ல இருந்தே வாங்கிட்டு வந்த வர்க்கி பாக்கெட் (ஊட்டிக்கு வர்க்கி!), எதுக்குன்னு அவருக்கே தெரியாத ஒரு ஃபிளாஷ். எல்லாத்தையும் பரப்பி வச்சுட்டு என்கிட்ட கேட்டது, "200-500ஐ வித்துட்டு லேசா எதாவது வாங்கிடலாமாங்க". அந்த லேப்டாப்பும் சார்ஜரும் ஃப்ளாஸ்க்கும் சேந்தா லென்ஸ விட அதிகம். வித்தா நஷ்டம் முப்பதாயிரம், ரூம்ல வச்சுட்டு வந்தா ஒத்த பைசா செலவில்ல.

அதனால எத வாங்கறதுக்கும் முன்னாடி, செருப்புல இருந்து தொப்பி வரைக்கும் உடம்புல ஏறப்போற எல்லாத்தையும் ஒரு தடவை எடை போடுங்க. லக்கேஜ் தொங்க விட்டுப் பாக்கற ஸ்கேல் முன்னூறு நானூறு ரூபாய்க்கு கிடைக்குது.

இன்னொன்னு, ஒரு கிலோ குறைச்சா என்ன மிச்சம்னு நிஜமாவே கணக்கு போட்டா சிரிப்பு வரும். ஒரு கிலோவ 500 மீட்டர் உயரத்துக்கு தூக்க கிட்டத்தட்ட 4900 ஜூல் வேணும், நம்ம தசை சாப்பாட்டு சக்தியில கால்வாசிய தான் வேலையா மாத்தும்னு வச்சா சாப்பாட்டு கணக்குல அஞ்சு கலோரி (கிலோ கலோரி), அதாவது ஒரு மேரி பிஸ்கட்ல கால் துண்டு கூட இல்ல. நெட்டா மேல தூக்கற கணக்கு மட்டும் இது, ஏறி இறங்கி சுத்தி நடக்கறப்ப இன்னும் கூடும், ஆனாலும் சோறு கணக்குல பாத்தா ஒரு கிலோ உங்கள சாச்சுப்புடாது. அப்ப ஏன் ரெண்டு மணி நேரத்துல கழுத்து கழண்டு விழற மாதிரி இருக்குன்னா, எடை எவ்வளவுங்கறத விட அது எங்க தொங்குதுங்கறது தான் காரணம்.

கேமராவோட வர்ற கழுத்துப் பட்டையில மூணு கிலோவ மாட்டி நெஞ்சுல இடிக்க இடிக்க ஏறறவங்கள பாத்தாலே எனக்கு கழுத்து வலிக்கும். முன்னாடி எடை தொங்கினா உடம்பு பின்னாடி சாயும், சாஞ்சா இடுப்பு வலி, அடுத்த அடி எங்க வைக்கறோம்னே தெரியாது ஏன்னா லென்ஸ் மறைக்குது, புல்வெளியில புல்லுக்கு அடியில குழி இருக்கும். வெலிங்டன்ல மெட்ராஸ் ரெஜிமென்ட்ல இருந்து ரிட்டயர் ஆன பக்கத்து வீட்டு அண்ணன் சொல்வாரு, "இன்சாஸ் ரைஃபிள் நாலு கிலோ தம்பி, தோள்ல கிடந்தா மறந்தே போயிடும், கையில புடிச்சுட்டு நடந்து பாரு தெரியும்." அதே தான். ஏறும்போது லென்ஸ் பேக்குக்குள்ள, அதுவும் முதுகு ஒட்டி, தோள்பட்டை எலும்புக்கு நடுவுல வர்ற மாதிரி. துணிமணி வெளிப்பக்கம். ஹிப் பெல்ட்ட இடுப்பு எலும்பு மேல உக்கார வச்சு இறுக்கணும், பாதிக்கு மேல எடை அங்க இறங்கிடும். பத்துல எட்டு பேர் அந்த பெல்ட்ட ரெண்டு பக்கமும் தொங்க விட்டுட்டு தான் நடக்கறாங்க, என்னமோ அலங்காரத்துக்கு வச்ச மாதிரி.

"பேக்குல வச்சா டக்குனு எடுக்க முடியாதே"ம்பாங்க. சோலைக்குள்ள நீலகிரி சிரிப்பான் மாதிரி குருவிக்கு சரி, அது ஒரு செகண்ட் தான் நிக்கும். வரையாடு அப்படி இல்ல, புல்வெளியில கூட்டமா நின்னு மேயும், நம்மள பாத்துட்டாலும் ஒண்ணு ரெண்டு தலைய தூக்கி வெறிச்சுப் பாக்கும், பேக்க திறந்து லென்ஸ மாட்டற வரைக்கும் நேரம் இருக்கு. நீங்க பதறி ஓடாம இருந்தா.

இதுக்கு நேர் எதிரான தப்பு, லேசா வேணும் லேசா வேணும்னு ஒரேயடியா லேசாக்கிடறது. கேனான்ல ஆர்எஃப் 800 எஃப்11 லென்ஸ் 1.26 கிலோ தான், 800 மில்லிமீட்டருக்கு அது அதிசயம். ஆனா எஃப் நம்பர் ஏற ஏற உள்ள வர்ற வெளிச்சம் குறையும், எஃப்5.6 லென்ஸுக்கு உள்ள வர்ற வெளிச்சத்துல நாலுல ஒரு பங்கு தான் இதுக்கு வரும். வரையாடு நல்லா மேயறது விடியக்காலையும் சாயங்காலமும், வெயில் ஏறினா பாறைப்பக்கம் போய் படுத்துக்கும், நம்ம மலையில பத்து மணிக்கு மேல மஞ்சு எப்ப மூடும்னு யாருக்கும் தெரியாது. அந்த இருட்டுக்கு எஃப்11ன்னா ஒண்ணு ஐஎஸ்ஓ (கேமராவோட வெளிச்ச உணர்வு) ஏத்தி மணல் மணலா படம், இல்ல ஷட்டர் குறைச்சு ஆட்டம். துப்பாக்கிக்காரங்களுக்கும் இதே வம்பு தான். அதே தோட்டாவ நாலு கிலோ துப்பாக்கியில சுடறதுக்கும் மூணு கிலோ துப்பாக்கியில சுடறதுக்கும் பின்னாடி உதைக்கற சக்தி மூணுல ஒரு பங்கு கூடிடும், உதைக்கு பயந்து கண்ண மூடிட்டு ட்ரிகர் இழுப்பான், அது மட்டும் இல்லாம லேசான குழல் மூச்சு வாங்கும்போது ரொம்ப ஆடும். குறி தப்பி மிருகம் காயத்தோட ஓடினா அது பெரிய பாவம். நமக்கு படம் ஷேக் ஆகும், அவ்வளவு தான் வித்தியாசம். தம்பிக்கு நான் சொன்னது, ஸ்கோப், தோட்டா, பட்டை எல்லாம் மாட்டி மூணரை கிலோ வந்தா போதும்டா, அதுக்கு கீழ குறைக்க காசு செலவு பண்ணாத, அந்த காசுக்கு நல்ல பேக் வாங்கு, உன் தொப்பையில ரெண்டு கிலோ குறை, அது இலவசம். கோவிச்சுக்கிட்டான்.

மூச்சு விஷயம் சொல்லியே ஆகணும். நீலகிரி உச்சிங்களான கோலாரிபெட்டா, முக்குருத்தி பக்கம் எல்லாம் 2500 மீட்டர் உயரம், கீழ சமவெளியில கிடைக்கற ஆக்சிஜன்ல முக்கால்வாசி தான் அங்க. சென்னையில இருந்து நேரா வந்து மறுநாள் காலையில ஏறறவருக்கு ஒரு கிலோ லென்ஸும் ஆடும், மூணு கிலோ லென்ஸும் ஆடும். மேட்டுக்கு வந்தவுடனே கேமராவ மூஞ்சில வச்சு பட்டபட்டன்னு நூறு படம் எடுப்பாங்க, ஸ்டெபிலைசேஷன் கை நடுக்கத்த ஓரளவு தாங்கும், நெஞ்சு ஏறி இறங்கறத எல்லாம் அது தாங்காது. உக்காருங்க, ரெண்டு நிமிஷம் சும்மா மூச்ச விடுங்க, பேக்க முன்னாடி படுக்கப் போட்டு மடிச்ச ஜாக்கெட்ட மேல வச்சு அதுல லென்ஸ சாச்சு எடுங்க. ட்ரைபாடும் (முக்காலி) அது மேல பெரிய லென்ஸ திருப்ப மாட்டற ஜிம்பல் தலையும் சேந்து மூணு கிலோ, முழு நாள் நடைக்கு நான் அத எடுத்துட்டுப் போகவே சொல்ல மாட்டேன்.

சரி, எடை குறைக்கணும்னு முடிவு பண்ணிட்டா எதுல கை வைக்கறாங்க தெரியுமா? தண்ணி, மழை கோட்டு, ஸ்வெட்டர். லென்ஸ் துணி நாலு இருக்கும், ரெயின் கோட் இருக்காது. 2019 ஆகஸ்ட்ல அவலாஞ்சியில ஒரே நாள்ல 90 சென்டிமீட்டருக்கு மேல கொட்டின ஊருங்க இது, அந்த அளவுக்கு வேணாம், சாதாரண சாரல்ல நனைஞ்சு காத்துல நின்னாலே பல்லு அடிச்சுக்கும். டிசம்பர் ஜனவரியில புல்லு மேல வெள்ளையா உறைபனி கிடக்கும், பேட்டரி பாதியில படுத்துடும், அதனால ஸ்பேர் பேட்டரிய பேக்ல வைக்காம சட்டை உள் பாக்கெட்டுல வைங்க. இதெல்லாம் போக அனுமதி இல்லாம குறுக்கு வழியில ஏறவே ஏறாதீங்க. 2018 மார்ச்ல குரங்கணி காட்டுத்தீயில மலை ஏறப் போனவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எல்லாருக்கும் தெரியும். 2024 அக்டோபர்ல இருந்து வனத்துறையே ட்ரெக் தமிழ்நாடுன்னு ஆன்லைன்ல 40 பாதைக்கு புக்கிங் தருது, அவலாஞ்சி - கோலாரிபெட்டா, பார்சன்ஸ் வேலி - முக்குருத்தி குடில் எல்லாம் அதுல இருக்கு, கூட கைடு வருவாரு.

அந்த கைடு கையில பேக்க குடுத்துட்டு வெறுங்கையோட நடக்கறது இன்னொரு கெட்ட பழக்கம். வெள்ளைக்காரன் காலத்துல இப்படித்தான், அவன் ரைஃபிள நம்மாளு தூக்குவான், அவன் கைய வீசிட்டு ஏறுவான், ஆடு தெரிஞ்சதும் கைய நீட்டி வாங்கி சுடுவான். அவன் எழுதி வச்ச வேட்டைக் கதையில துப்பாக்கி கனத்த பத்தி புலம்பல் அவ்வளவா இல்லைன்னா ஆச்சரியமா என்ன. அப்படி சுட்டு சுட்டு ஆடு அருகிப் போய் தான் 1877லயே நீலகிரி கேம் அசோசியேஷன்னு அவங்களே ஆரம்பிச்சு கட்டுப்பாடு கொண்டு வந்தாங்க. இப்ப வர்ற கைடு காட்டப் பாக்கவும், யானை காட்டெருமை நடமாட்டம் கவனிக்கவும் வர்றாரு, உங்க சுமைய அவர் முதுகுல ஏத்திட்டா அவர் கண்ணும் கீழ தான் இருக்கும்.

ஷூ பத்தி சுருக்கமா, கால்ல ஏத்தற ஒவ்வொரு கிலோவும் முதுகுல நாலஞ்சு கிலோ ஏத்தின மாதிரி. லென்ஸுல 400 கிராம் குறைக்க அலைஞ்சுட்டு ஜோடி ரெண்டு கிலோ பூட்ஸ் போட்டுட்டு வர்றவங்க இருக்காங்க. கிரிப் நல்லா இருக்கற லேசான ஷூ போதும். மழைக்காலம்னா அட்டைப்பூச்சி கடிக்காம முழங்கால் வரைக்கும் அட்டை சாக்ஸ்.

பிராக்டிஸ் பண்றவங்களும் கோயமுத்தூர் ரேஸ்கோர்ஸ்ல சமமான ரோட்டுல சுத்திட்டு ரெடின்னு நினைச்சுக்கறாங்க. படி ஏறுங்க, மருதமலையோ பழனியோ எது பக்கமோ அங்க, பேக்ல நிஜ எடைய போட்டு, ஏறறத விட இறங்கறத கவனிச்சு. ஏத்தத்துல மூச்சு தான் போகும், இறக்கத்துல முட்டி போகும். கொடைக்கானல் பக்கம் வட்டக்கானல்ல இருந்து வெள்ளகவி வழியா கும்பக்கரைக்கு இறங்கினவங்கள கேட்டுப் பாருங்க, ஆயிரம் மீட்டருக்கு மேல இறக்கம், கடைசி ஒரு மணி நேரம் தொடை தனியா ஆடும். இறங்கும்போது ஹிப் பெல்ட்ட இன்னும் ஒரு சுத்து இறுக்கிக்கோங்க, பேக் ஆடினா உங்களையும் சேத்து ஆட்டும். குடிச்சு முடிக்கப் போறதில்லைன்னு தெரிஞ்ச தண்ணிய ஊர் கண்ணுக்குத் தெரிஞ்சப்புறம் கொட்டிடலாம், லிட்டருக்கு ஒரு கிலோ குறையும். கையில ஒரு குச்சி வச்சுக்கோங்க, ஆனா ட்ரைபாட் கால நீட்டி ஊன்றாதீங்க, வெயிட் போட்டா அந்த லாக் சர்ருனு உள்ள இறங்கும், நீங்களும் கூடவே இறங்குவீங்க.