பத்துக்குப் பத்து அறையில் ஸ்டுடியோ: காசு வீணாகும் இடங்கள்

வடசென்னையில் வியாசர்பாடி, புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை பக்கம் கானா பாடுகிற பையன்கள், ராப் எழுதுகிறவர்கள், சர்ச்சில் கீபோர்டு வாசிப்பவர்கள் என்று யாரைக் கேட்டாலும் இப்போது வீட்டிலேயே ரெக்கார்டு பண்ண வேண்டும் என்கிறார்கள். லேப்டாப் இருக்கிறது, கையில் கொஞ்சம் காசும் சேர்ந்துவிட்டது. நேராக எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போய் ஒரு மைக்கை வாங்கி வந்துவிடுகிறார்கள். அறையைப் பற்றியோ கரண்ட்டைப் பற்றியோ யோசிப்பது அதற்கு அப்புறம்தான். இந்த வரிசை தலைகீழ்.

ஸ்டுடியோ என்றாலே பெரிய கண்டன்சர் மைக் என்று வீடியோக்களில் பார்த்துப் பழகிவிட்டோம். அதன் சவ்வு மிக மெல்லியது. சின்னச் சின்ன சத்தத்தையும் பிடித்துவிடும். ஒலி அடக்கிய அறையில் அது பெரிய பலம். ஜன்னலைத் திறந்தால் கொருக்குப்பேட்டை தண்டவாளம், தெரு முனையில் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரி, பக்கத்து வீட்டில் குக்கர் விசில் என்றிருக்கும் வீட்டில் அதுவே தலைவலி. ஆடி மாதம் அம்மன் கோயில் ஸ்பீக்கர் கட்டிவிட்டால் கேட்கவே வேண்டாம். இங்கே முதல் மைக்காக, மேடையில் கையில் பிடித்துப் பாடுகிற டைனமிக் வகையை வாங்குவதுதான் புத்திசாலித்தனம். அந்த வகையில் ஷூர் எஸ்எம்58 என்ற மாடல் 1966இல் வந்தது. மேடைகளில் இன்றும் அதுதான் ஓடுகிறது. டைனமிக் மைக்கை வாயிலிருந்து நாலு விரல்கடை தூரத்தில் வைத்துப் பாடலாம். வாய் அவ்வளவு கிட்டத்தில் இருப்பதால் குரல் தெருவை விடப் பல மடங்கு உரக்க விழும். ரொம்பவும் ஒட்டிப் பாடினால் அடித்தொனி ஊதிப்போகும், 'ப'கரம் வரும் இடமெல்லாம் காற்று மோதும். மைக்கைக் கொஞ்சம் பக்கவாட்டில் திருப்பிவைத்தாலே பாதி சரியாகிவிடும்.

ஸ்டாண்டு, பஞ்சு உறை எல்லாம் சேர்த்து மலிவு விலையில் ஒரு 'கண்டன்சர் செட்' விற்கிறார்களே, அதைப் பற்றியும் சொல்ல வேண்டும். முறையான கண்டன்சருக்கு 48 வோல்ட் பான்டம் பவர் தேவை, அதாவது மைக் வயர் வழியாகவே போகும் மின்சாரம். அதை, மைக்கை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டியான ஆடியோ இன்டர்ஃபேஸ் கொடுக்கும். லேப்டாப்பின் ஹெட்ஃபோன் ஓட்டையில் செருகினால் அந்த 48 வோல்ட் எங்கிருந்து வரும்? 'ஸ்ஸ்ஸ்' என்ற இரைச்சல்தான் மிஞ்சும். அந்தக் காசை இன்டர்ஃபேஸுக்காகச் சேர்த்து வையுங்கள்.

அடுத்தது முட்டை அட்டை. சுவர் முழுக்க ஒட்டினால் சவுண்டு வெளியே போகாது என்ற நம்பிக்கை எப்படியோ ஊரெல்லாம் பரவிக் கிடக்கிறது. சத்தத்தைத் தடுப்பது வேறு, அறைக்குள் எதிரொலியைக் குறைப்பது வேறு. தடுப்பதற்குக் கனம் வேண்டும்: தடித்த சுவர், இடுக்கில்லாத கதவு, அடைத்த ஜன்னல். அட்டைக்கு ஏது கனம்? எதிரொலிக்கும் அது பெரிதாக உதவாது. போதாக்குறைக்குத் தீப்பொறி பட்டால் பற்றிக்கொள்ளும். வாடகை வீட்டில் லாரியின் அதிர்வை நிறுத்த முடியாது என்று ஒப்புக்கொள்வதே நல்லது. குரல் டிராக்கில் 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ள அடித்தொனியை சாஃப்ட்வேரில் வெட்டிவிட்டால் அதில் பெரும்பகுதி போய்விடும். எதிரொலிக்கு வீட்டிலேயே மருந்து இருக்கிறது. பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் ஒரு இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்திச் சாய்த்து வையுங்கள், பக்கத்தில் கொடி கட்டி இரண்டு தடித்த போர்வைகளைத் தொங்கவிடுங்கள். கை தட்டிப் பாருங்கள். 'டிங்' என்று ஒரு வால் நீண்டால் இன்னும் ஒரு போர்வை வேண்டும். ரெக்கார்டிங் ஓடும்போது ஃபேனை நிறுத்தியே ஆக வேண்டும். மே மாதத்தில் இது கொடுமைதான், நாலு நாலு வரியாகப் பாடி முடிக்க வேண்டியதுதான். நடு ராத்திரியில் ஊர் அடங்கியிருக்கும் என்று அப்போது ஆரம்பித்தால், ஹவுசிங் போர்டு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பவர் கதவைத் தட்டுவார்.

பதிவைக் கேட்டுச் சரிபார்க்கிற மானிட்டர் ஸ்பீக்கரையும் அவசரப்பட்டு வாங்காதீர்கள். நம் வீடுகளில் அறை பத்துக்குப் பத்து, உயரமும் கிட்டத்தட்ட பத்தடி. நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒன்றானால் மூன்று திசையிலும் ஒரே ஒலியலை முட்டி முட்டித் திரும்பும். பத்தடிக்கு அது சுமார் 56 ஹெர்ட்ஸில் விழுகிறது. பேஸும் கிக் டிரம்மும் உட்காரும் இடம். ஒரு மூலையில் பேஸ் இடிக்கும், நடு அறையில் காணாமலே போகும். எதை நம்பி எல்லா டிராக்கையும் அளவு பார்த்துக் கலப்பது, அதாவது மிக்ஸ் பண்ணுவது? காதை முழுக்க மூடுகிற வயர் ஹெட்ஃபோன் முதலில் போதும். புளூடூத் வேண்டாம், சத்தம் காதுக்கே தெரிகிற அளவுக்குப் பின்தங்கி வரும், தாளத்தோடு பாடவே முடியாது.

இனி கரண்ட். ஹெட்ஃபோனில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் கேட்டால் எல்லோரும் மைக்கைத் திட்டுகிறார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அந்த ரீங்காரம் பெரும்பாலும் அதுவும் அதன் மடங்குகளும்தான். லேப்டாப் சார்ஜரைப் பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். ரீங்காரம் நின்றால் குற்றவாளி பெரும்பாலும் எர்த்திங். பழைய வீடுகளில் மூணு பின் சாக்கெட் இருக்கும், எர்த் ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த் இழுத்துக்கொள்ளுங்கள். ரீங்காரம் போகிறது என்று பிளக்கின் மூன்றாவது பின்னை உடைக்கிறவர்களும் இருக்கிறார்கள்; உயிரோடு விளையாடுகிற வேலை அது.

பதிவின் சத்த அளவை, அதாவது லெவலை, வைக்கும்போது எல்லோரும் முணுமுணுத்துக் காட்டிவிட்டு, நிஜமாகப் பதிவாகும்போது உச்சஸ்தாயியில் பாய்வார்கள். கானாவில் இது நிச்சயம் நடக்கும். பாட்டில் எங்கே அதிகம் கத்தப்போகிறீர்களோ அந்த வரியைப் பாடி, மீட்டர் மைனஸ் 12 டெசிபலைத் தொடும்படி இன்டர்ஃபேஸில் மைக்கின் கெயின் குமிழைத் திருப்பி வையுங்கள். 24 பிட்டில் பதிவு செய்தால் சத்தம் குறைவாக இருந்தாலும் அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம். சிவப்பில் முட்டி உடைந்த குரலை எந்த பிளக்இன் சாஃப்ட்வேரும் முழுசாகத் திருப்பித் தராது. டோலக்குக்கு மீட்டரில் இன்னும் கொஞ்சம் இடம் விடுங்கள், அடி விழும் நொடியில் அது எகிறும்.

பாடும்போது உங்கள் குரல் தாமதமாகக் காதில் விழுகிறதா? பஃபரைப் பாருங்கள், லேப்டாப் ஒலியைச் சேர்த்துவைத்து ஒரே தடவையில் கையாளும் அளவு அது. 48 கிலோஹெர்ட்ஸில் 1024 என்று இருந்தால் ஒரு வழிக்கே 21 மில்லி செகண்டு. பாடும்போது 128க்கு இறக்குங்கள், மிக்ஸிங்கில் திரும்ப ஏற்றுங்கள். விண்டோஸ் என்றால் இன்டர்ஃபேஸ் கம்பெனியின் சொந்த ஆசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள், தாமதம் குறையும். குரலை லேப்டாப்புக்குப் போகாமல் நேராக ஹெட்ஃபோனுக்கு அனுப்பும் டைரக்ட் மானிட்டர் பட்டன் இன்டர்ஃபேஸிலேயே இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை.

ரெக்கார்டு பண்ணும் சாஃப்ட்வேரில் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். மேக் வைத்திருந்தால் கராஜ்பேண்ட் இலவசம். விண்டோஸில் ரீப்பரை 60 நாள் காசு கொடுக்காமல் முழுசாக ஓட்டிப் பார்க்கலாம். கிராக் பண்ணிய சாஃப்ட்வேரோடு வைரஸும் வரும், ஒரு நாள் பிராஜெக்ட்டே திறக்காது. இணையத்தில் இறக்கிய பீட்டின் மேல் பாடி வெளியிட்டால் உரிமைப் பிரச்சினை வரும். லைசென்ஸ் வாங்குங்கள், இல்லாவிட்டால் டோலக் வாசிக்கிற நண்பரைக் கூப்பிடுங்கள். அவரை உட்காரவைக்கும் முன் பாட்டின் வேகத்தை, அதாவது டெம்போவை, முடிவு செய்து, ஹெட்ஃபோனில் தாளம் தட்டிக் காட்டும் கிளிக் போட்டுக்கொள்ளுங்கள். பாடிய அன்றைக்கே டிராக்குகளை வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு காப்பி எடுங்கள். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ் மோனோ டிராக் நிமிடத்துக்கு ஒன்பது எம்பி கூட வராது.