இரவு 8 மணிக்கு அலாரம் வையுங்கள்

டிசம்பர் விடுமுறைக்குக் கோலாலம்பூரிலிருந்து ஆர்லாண்டோ டிஸ்னி வேர்ல்டுக்குப் போகிறீர்களா? அங்கே நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் 'லைட்னிங் லேன் மல்டி பாஸ்' இலவசமில்லை, காசு தனி. ஆனால் டிஸ்னி ஹோட்டலில் தங்குபவர்கள் அதை 7 நாள் முன்பே எடுக்கலாம். வெளியே தங்கினால் 3 நாள் முன்புதான். முன்பதிவு அங்கே காலை 7 மணிக்குத் திறக்கும். டிசம்பரில் நமக்கு அது இரவு 8, ஜூனில் 7. தோசை ஊற்றிக்கொண்டே முடித்துவிடலாம்! அந்த நேரத்தில் விமானத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருந்தால் சரி.

அப்புறம், அங்கேயே உள்ள யூனிவர்சல் தீம் பார்க்கும் திட்டத்தில் இருந்தால் ஹார்ட் ராக், போர்ட்டோஃபினோ பே, ராயல் பசிபிக் ஹோட்டல்களைப் பாருங்கள். வாடகை கடிக்கும்தான், ஆனால் அறையோடு, அங்கே நீண்ட வரிசையைத் தவிர்க்க உதவும் எக்ஸ்பிரஸ் பாஸும் வருகிறது. நாலைந்து பேர் என்றால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 2025இல் திறந்த யூனிவர்சலின் புதிய பார்க்கான எபிக் யூனிவர்சில் மட்டும் அது செல்லாது.